பின் சீட்டிலிருந்து ஒரு நேர்முகத் தேர்வு

எனக்குச் சஹானா என்று ஒரு ராகத்தின் பெயரை வைத்தார்கள். அந்த ராகத்தை இதுவரை யாரும் சரியாகக் கேட்டதில்லை. நான் பேசத் தொடங்கினால் எதிரில் இருப்பவர் முதலில் தலையை முன்னே நீட்டுவார். பிறகு "ஆங்?" என்பார். பஸ்ஸில் நான் குரல் கொடுத்து வண்டி நின்றதாக வரலாறு இல்லை. யாராவது இறங்கும் நிறுத்தத்தில் நானும் இறங்கி, மிச்சத்தை நடந்துவிடுவேன். உடம்புக்கும் நல்லது.

எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. எழுத்துத் தேர்வுகளில் தேறிவிடுவேன். தாளுக்குக் காது தேவையில்லை. அதற்குப் பிறகு இணையவழி நேர்முகத் தேர்வு வரும். "கொஞ்சம் சத்தமா பேசுங்க" என்பார்கள். "உங்க மைக் வேலை செய்யுதா?" என்பார்கள். மைக் நன்றாகத்தான் வேலை செய்தது. என் அறையின் மின்விசிறியை அது ஒரு சுற்றுகூட விடாமல் எடுத்துச் சென்றது. ஒரு தேர்வில், என்னைவிட மின்விசிறிக்குத்தான் வேலை கிடைக்கும் வாய்ப்பு அதிகம் என்று தோன்றியது.

வேறு யாராக இருந்தாலும் குரலை உயர்த்தியிருப்பார்கள். நான் மைக்கை மாற்ற முடிவு செய்தேன். அறிவியல் படித்ததால் வந்த கோளாறு.

ஹெட்செட் வாங்கிப் பார்த்தேன். அதன் மைக்கில் என் துப்பட்டா உரசும் ஓசை மட்டும் கம்பீரமாகப் பதிவானது. அப்போதுதான் அப்பாவின் புதுக் கார் நினைவுக்கு வந்தது. அதில் ஒரு பெரிய திரை இருந்தது. "வீட்டுக்குப் போன் போடு" என்று அப்பா சொன்னால் அது போடும். எவ்வளவு வேகத்தில் போனாலும், ஏசி இரைந்தாலும், அவர் சொல்வது அதற்குக் கேட்கும். எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் கிடைக்காத சலுகை.

அந்த மைக்கை என் மடிக்கணினிக்கும் பங்கு போட்டுக் கொடுத்தேன். காரின் திரையைப் போனோடு இணைத்தேன், போனைக் கணினியோடு. காரின் மைக்கைத் தன்னுடையது என்று கணினி நம்புவதற்காக நடுவில் ஒரு சின்ன மென்பொருள் எழுதினேன். ஒரு வாரம் ராப்பகலாக உழைத்தேன். சற்றுச் சத்தமாகப் பேசியிருந்தால் அந்த உழைப்பு எதுவும் தேவைப்பட்டிருக்காது.

செங்கல்பட்டில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற காரில் உட்கார்ந்து சோதித்துப் பார்த்தேன். பதிவை ஓடவிட்டபோது ஒரு பெண் தெளிவாக, நிதானமாகப் பேசினாள். தன்னம்பிக்கையுள்ள பெண் போல இருந்தாள். அவள் நான்தான் என்று நம்புவதற்கு இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது.

அந்த வாரமே சிறுசேரியில் இருக்கும் ஒரு நிறுவனத்திலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. அவர்கள் செய்வதும் இதே வேலைதான். காரின் திரை, போன், மடிக்கணினி எல்லாமாக ஒரே மைக்கைப் பங்கிட்டுக்கொள்ள மென்பொருள் எழுதுகிறார்கள். எனக்காகவே ஒரு நிறுவனத்தைத் தொடங்கியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வேலை எனக்கு வேண்டும். முன்பு வந்த வேலைகளை எல்லாம் 'கிடைத்தால் நல்லது' என்று நினைத்தேன். இதை மட்டும் அப்படி நினைக்க முடியவில்லை.

சாயங்காலம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். தேர்வு நாளன்று காலை மின்னஞ்சல் வந்தது. பத்தரைக்கே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தார்கள். "முடியாது" என்று சொல்வதற்கும் குரல் வேண்டும். "சரி" என்று எழுதிவிட்டேன். பத்தரைக்கு நாங்கள் காரில் இருப்போம். முட்டுக்காட்டில் என் சித்தி மகள் அனுவுக்கு வளைகாப்பு.

"அதுக்கென்ன, கார்லதானே மைக் இருக்கு?" என்றாள் அம்மா. பெயர் ரேணுகா. இந்தத் திட்டத்தில் எல்லோரையும்விட அதிக நம்பிக்கை வைத்திருந்தவள் அவள்தான். பிறகு அப்பாவைப் பார்த்து, "ஏங்க, அவ பேசறப்போ நீங்க வாயே திறக்கக் கூடாது" என்றாள்.

"அவ பேசறப்போ நான் வாயே திறக்கக் கூடாது" என்றார் அப்பா. சொல்லிவிட்டு அம்மாவையே பார்த்தபடி நின்றார்.

"சரி" என்றாள் அம்மா.

அதன் பிறகுதான் அவர் செருப்பை மாட்டினார்.

அப்பாவைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். பெயர் பார்த்தசாரதி. தினமும் செங்கல்பட்டிலிருந்து ஆபீஸ் பஸ்ஸில் கல்பாக்கம் போய், அங்கே கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்க்கிறார். அந்த அறையில் ஒருவர் ஒன்றைச் சொன்னால், கேட்டவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் "சரி" என்ற பிறகுதான் கை நகர வேண்டும். "சரி" வராவிட்டால் மறுபடி திருப்பிச் சொல்ல வேண்டும். அணு உலைக்கு அது மிக நல்ல பழக்கம். எங்கள் வீட்டில் பால் வாங்குவதும் அப்படித்தான் நடக்கும். "ஒரு லிட்டர் பால், அரைக் கட்டு கொத்துமல்லி" என்று அவர் வாசலில் நின்று திருப்பிச் சொல்வார். அம்மா மிக்சி ஓட்டிக்கொண்டிருந்தால், அது நின்று "சரி" வரும்வரை அங்கேயே நின்று சொல்லிக்கொண்டிருப்பார்.

அம்மாவுக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தால் வாந்தி வரும். அதனால் அவள் முன்னால் உட்கார்ந்தாள். பின் சீட்டில் நான், கண்ணாடி வளையல் பெட்டிகள், பெரிய எவர்சில்வர் டப்பா நிறைய புளியோதரை. டப்பாவின் மேல் மடிக்கணினியை வைத்தேன். அது அடியில் லேசாகச் சுட்டது. கேமரா என் முகவாயைக் கீழிருந்து மேலாகப் பார்த்தது. பட்டுப்புடவை, தலையில் மல்லிகை. வேலை கேட்டு வந்தவள் போல இல்லை, வேலையில் சேர்ந்து ஓய்வும் பெற்றவள் போல இருந்தேன்.

திருக்கழுக்குன்றத்தைத் தாண்டியதும் கணினித் திரையில் இருவர் வந்தார்கள். தமிழ்ச்செல்வி மேடம்தான் குழுத் தலைவர். அவருக்குப் பக்கத்தில் அபிஷேக், என் வயதைவிடக் கொஞ்சம் கூட இருக்கும். அவர்கள் குரல் காரின் ஒலிபெருக்கிகளில் நிறைந்து வந்தது.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க, சஹானா."

சொன்னேன். பெயர், ஊர், படிப்பு, மதிப்பெண்.

இருவரும் தலையை முன்னே நீட்டினார்கள். எனக்குப் பழகிய அசைவு.

"ஒண்ணுமே கேட்கல. திரும்பச் சொல்றீங்களா?" என்றார் அபிஷேக்.

மறுபடி சொன்னேன். முன்னால் அப்பாவின் தோள்கள் இறுகுவதைப் பார்த்தேன். ஒரு செய்தி சேர வேண்டிய இடத்துக்குச் சேரவில்லை. முப்பது வருஷப் பழக்கம் அவருக்குள் நெளிந்தது. அம்மாவுக்குக் கொடுத்த வாக்கைவிட அது மூத்தது.

"சஹானா. செங்கல்பட்டு. எம்.எஸ்ஸி. இயற்பியல். எழுபத்தெட்டு சதவீதம்" என்றார் அப்பா, சாலையைப் பார்த்தபடி, கணீரென்று.

அம்மா அவர் தொடையில் கிள்ளினாள்.

"ஆ, இப்போ தெளிவா கேட்குது" என்றார் தமிழ்ச்செல்வி மேடம்.

இந்த இடத்தில் யோசிக்கத் தெரிந்த ஒருத்தி யோசித்திருப்பாள். எனக்குக் கேட்டது 'தெளிவாகக் கேட்கிறது' என்ற வார்த்தைகள் மட்டும்தான். வாழ்க்கையில் முதன்முறையாக யாரோ என்னிடம் அதைச் சொல்கிறார்கள். என் மென்பொருள் சற்றுத் தாமதமாக விழித்துக்கொண்டது, இப்போது என் குரல் போகிறது என்று முடிவு கட்டினேன். நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்தேன். வளையல் பெட்டிகள் கலகலத்தன.

அப்பாவும் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். தான் சொன்னால்தான் அங்கே சேருகிறது. ஆகவே இது கடமை.

"ஒரு காருக்குள்ள ரெண்டு கருவி ஒரே சமயத்துல மைக் கேட்டா, எதுக்குக் கொடுப்பீங்க?" என்றார் அபிஷேக்.

"அது வந்து... அவசரமானதுக்கு முதல்ல. போன் அழைப்பு வந்தா, மத்தது காத்திருக்கணும். அழைப்பு முடிஞ்சதும் மைக் தானா திரும்பிப் போகணும்" என்றேன்.

"அது வந்து, அவசரமானதுக்கு முதல்ல" என்று தொடங்கி அப்பா முழுவதையும் சொன்னார். சொல்லிவிட்டு, பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அவருக்கு "சரி" வேண்டும். நான் கவனிக்கவில்லை. அதனால் முழுவதையும் இன்னொரு முறை சொன்னார்.

திரையில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என் பதிலின் ஆழத்தை வியக்கிறார்கள் என்று நினைத்தேன்.

கேள்விகள் தொடர்ந்தன. நான் கைகளை ஆட்டிப் பேசினேன். எதிரொலி பற்றிச் சொன்னபோது புன்னகைகூடச் செய்தேன். ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் "தெரியலை" என்று முனகினேன். அப்பா அதை உலையின் வெப்பநிலையை அறிவிப்பது போல, "தெரியலை" என்று அறிவித்தார். தெரியாது என்பதை அவ்வளவு உறுதியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

மாமல்லபுரம் திருப்பத்தில் ஈசிஆரில் ஏறினோம். தமிழ்ச்செல்வி மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"சஹானா, உங்க பக்கத்துல இருக்கறது யாரு?"

"யாருமில்லை மேடம்" என்றேன். உண்மைதான். பக்கத்தில் புளியோதரை மட்டுமே இருந்தது.

"யாருமில்லை மேடம்" என்றது அப்பாவின் கனத்த குரல்.

"நீங்க வாயை அசைக்கறீங்க. கொஞ்ச நேரம் கழிச்சு ஒரு ஆம்பளைக் குரல் வருது" என்றார் அவர். "இந்த மாதிரி நாங்க நிறையப் பார்த்தாச்சு. கேமரா முன்னாடி ஒருத்தர் உட்காருவார், பதில் இன்னொருத்தர் சொல்லுவார். உங்க ஆளு கொஞ்சம் மெதுவா இருக்காரு, அவ்வளவுதான் வித்தியாசம்."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. ஒவ்வொன்றாக விளங்கவில்லை, மொத்தமாக விளங்கியது. காரின் மைக் ஓட்டுநரின் தலைக்கு மேலே இருக்கிறது. ஓட்டுநர் வாயிருக்கும் திசையிலிருந்து வருவதை மட்டும் குரல் என்று எடுத்துக்கொள்ளும். மற்றத் திசைகளிலிருந்து வருவது இரைச்சல். ஏசி இரைச்சல். டயர் இரைச்சல். நான் இரைச்சல். வீட்டு வாசலில் சோதித்தபோது நான் உட்கார்ந்திருந்தது ஓட்டுநர் இருக்கையில். சோதனை செய்த நிலையை நடுவில் மாற்றக் கூடாது என்று பதினோராம் வகுப்பு ஆய்வகத்திலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"அப்பா, வண்டியை நிறுத்துங்க" என்றேன்.

"வண்டியை நிறுத்தறேன்" என்றார் அப்பா.

அவர்களுக்குக் கேட்டது இரண்டாவது வாக்கியம் மட்டும்.

"பாருங்க, வண்டியை வேற நிறுத்தறாராம்" என்றார் அபிஷேக்.

சவுக்குத் தோப்பு ஓரமாகக் கார் நின்றது. நான் கணினியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். "இறங்குங்க, அங்க நான் உட்காரணும்" என்று அப்பாவிடம் சைகை காட்டினேன். அவர் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்து இறங்கினார். இது தன்னால் வந்த வினை என்று புரிந்து, நல்ல தூரம் தள்ளிப் போகலாம் என்று தோப்புப் பக்கம் வேகமாக நடந்தார். நான் ஓட்டுநர் இருக்கையில் ஏறினேன். காரின் திரை கறுத்திருந்தது. எஞ்சின் நின்று கதவும் திறந்ததால் மைக்கைக் கார் கைவிட்டுவிட்டது. கணினி தன் பழைய மைக்குக்கே திரும்பியிருந்தது, மின்விசிறி புகழ் மைக். காரை உயிர்ப்பிக்கப் பொத்தானை அழுத்தினேன். சாவி அருகில் இல்லை என்று எழுத்து வந்தது. சாவி அப்பாவின் சட்டைப் பையில் இருந்தது. அப்பா சவுக்குத் தோப்பில் இருந்தார்.

"சஹானா, உங்க நேரத்தையும் எங்க நேரத்தையும்..." என்று தமிழ்ச்செல்வி மேடம் தொடங்கினார். அவருடைய கை நகர்ந்தது. அழைப்பைத் துண்டிக்கும் கை எப்படி நகரும் என்பது எனக்குத் தெரியும்.

"அப்பாஆஆ! சாவீஈஈ!"

தோப்பிலிருந்து காக்கைகள் எழுந்தன. யார் கத்தியது என்று நானே திரும்பிப் பார்த்தேன். அம்மா முன் சீட்டில் தன் நெஞ்சில் கை வைத்திருந்தாள்.

திரையில் தமிழ்ச்செல்வி மேடம் காதைத் தேய்த்தார். "இது கேட்டுது. இது யார் குரல்?"

"என்னோடது மேடம்!" என்று அதே சுருதியில் கத்தினேன். கொஞ்சம் இறக்கினாலும் முழுவதும் இறங்கிவிடும் என்று பயம்.

"அப்போ அது?"

அப்பா மூச்சிரைக்க ஓடி வந்து சன்னலில் குனிந்தார். "பார்த்தசாரதி. இவளோட அப்பா. நான் பதில் ஒண்ணும் சொல்லலை, மேடம். அவ சொன்னதைத்தான் திருப்பிச் சொன்னேன்."

"ஏன் எல்லாத்தையும் ரெண்டு ரெண்டு தடவை சொன்னீங்க?"

"அவ 'சரி' சொல்லலை மேடம்."

அபிஷேக் எதையோ தேடுவது போல மேசைக்கடியில் குனிந்துகொண்டார்.

"சார், நீங்க தள்ளிப் போய் நில்லுங்க" என்றார் தமிழ்ச்செல்வி மேடம். அவர் முகத்தில் நம்பிக்கை இன்னும் வரவில்லை. "கேமராவுல தெரியற மாதிரி நில்லுங்க. வாயை மூடிக்கிட்டு."

"தள்ளிப் போய், கேமராவுல தெரியற மாதிரி, வாயை மூடிக்கிட்டு" என்றார் அப்பா.

"சரி!" என்று நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில் சொன்னோம், நான், அம்மா, மேடம்.

அவர் போய் ஒரு சவுக்கு மரத்தடியில் உதட்டை இறுக்கி மூடி நின்றார்.

"இப்போ சொல்லுங்க, சஹானா. உங்க குரல் ஏன் வரலை? அவர் குரல் மட்டும் ஏன் வந்துது?"

சொன்னேன். சொன்னேன் என்பது சரியில்லை, முழங்கினேன். மைக்கின் திசை, இரண்டு காதுகள் போல இரண்டு மைக்குகள், ஒலி வந்து சேரும் நேர வித்தியாசம், எது குரல் எது இரைச்சல் என்று கார் போடும் கணக்கு, கதவு திறந்ததும் மைக் கைமாறும் ஒழுங்கு, அதில் நான் விட்ட பிழை, எல்லாவற்றையும் கட்சிக் கூட்டத்தில் பேசுவது போலப் பேசினேன். முந்தைய தேர்வுகளில் பேசாமல் விட்ட எல்லாமும் சேர்ந்து வந்தது.

சாலையோரத்தில் நுங்கு விற்றுக்கொண்டிருந்த அம்மாள் கத்தியை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். சம்பூர்ணம் என்று பெயர். அம்மா பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

"இன்னாமா, பட்டுப்பொடவ கட்டிகினு பொண்ணு இப்பிடி சண்ட போட்டுகினு கீது? போன்ல மாமியாரா?"

"இல்லைங்க, வேலைக்கு இன்டர்வியூ" என்றாள் அம்மா.

"வேலைக்கா? அதுக்கு எதுக்கு இம்மாஞ் சத்தம்? அவுங்களுக்குக் காது கேக்காதா?"

"இவ பேசறது யாருக்கும் கேட்காது."

"யாரு, இதுவா?" சம்பூர்ணம் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "கோவளம் வரிக்கும் கேக்குதே! அந்த மரத்தாண்ட நிக்கிற ஆளு யாரு? பயந்துபோய் நிக்கிறாரு."

"அது அவங்க அப்பா."

"பாவம், மனுசன்."

இதுவும் கணினியின் பழைய மைக்கில் முழுமையாகப் போனது. திரையில் தமிழ்ச்செல்வி மேடம் கையால் வாயை மூடிக்கொண்டிருந்தார். தோள்கள் குலுங்கின.

"ஒரே ஒரு கேள்வி" என்றார் ஒருவழியாக. "டிரைவர் சீட்ல டெஸ்ட் பண்ணிட்டு, ஏன் பின் சீட்ல உட்கார்ந்தீங்க?"

"எனக்குக் கார் ஓட்டத் தெரியாது மேடம்!"

"நியாயம்தான்" என்றார். "அதே பின் சீட்ல உட்கார்ந்து பேசி, ஒரு பதிவு எங்களுக்கு அனுப்புங்க. நீங்க பேசினதுல ஒரு எழுத்துகூட எங்க பக்கம் வரலை. எங்க ஆளுங்க யார் முணுமுணுத்தாலும் கொஞ்சமாவது வந்துடும். இப்படி ஒண்ணுமே வராத குரலை நான் பார்த்ததில்லை."

பாராட்டா என்று கேட்கத் தோன்றியது. அதற்குள் அழைப்பு முடிந்துவிட்டது.

அம்மா ஆளுக்கு இரண்டு நுங்கு வாங்கினாள். அப்பா மரத்தடியிலேயே நின்றுகொண்டிருந்தார். யாரும் அவரிடம் "முடிந்தது" என்று சொல்லவில்லை.

முட்டுக்காட்டில் எனக்குத் தொண்டை முழுவதுமாகக் கட்டிவிட்டது. ஒரு சொல்லும் வெளியே வரவில்லை. அனுவுக்கு வளையல் போட்டேன், சந்தனம் பூசினேன், சாப்பிட்டேன், எல்லோரிடமும் விடைபெற்றேன். என்னில் ஏதோ மாறியிருப்பதாக ஒருவரும் கவனிக்கவில்லை. "சஹானா எப்பவும் போலத்தான் இருக்கா" என்றாள் சித்தி.

அடுத்த வாரம் மின்னஞ்சல் வந்தது. வேலை கிடைத்துவிட்டது. அதில் என் இயற்பியல் அறிவைப் பற்றி ஒரு வரி இருந்தது. பின் சீட்டைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. இப்போது நடப்பது இதுதான்: காலையில் சிறுசேரியில் ஒரு நிற்கும் காரின் பின் சீட்டில் உட்காருகிறேன். என் வழக்கமான குரலில் பேசுகிறேன். அபிஷேக் முன்னால் திரையைப் பார்த்து, "இன்னும் வரலை" என்கிறார். அவர்கள் எதையோ திருத்துகிறார்கள். மறுபடி பேசுகிறேன். என் குரல் என்றைக்கு அந்த மைக்கில் ஏறுகிறதோ அன்றைக்கு அந்த மென்பொருள் தயார். அதுவரை என்னை யாரும் வேலையை விட்டு அனுப்ப முடியாது. குரலை உயர்த்தினால் சோதனை கெட்டுவிடும் என்று எழுத்திலேயே கொடுத்திருக்கிறார்கள்.

மின்னஞ்சல் வந்த அன்று அப்பா கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அறை வாசலில் நின்று சொன்னேன். என் சாதாரணக் குரலில்தான்.

அப்பா செய்தித்தாளை மடித்தார்.

"வேலை கிடைச்சுடுச்சு. சிறுசேரி. திங்கட்கிழமையிலிருந்து" என்றார். சமையலறையில் மிக்சி நின்றது.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தலையாட்டினேன். தலையாட்டல் கணக்கில் வராது. அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி தொடங்கினார். இந்த முறை தெருவுக்கே கேட்டது.

"வேலை கிடைச்சுடுச்சு. சிறுசேரி. திங்கட்கிழமையிலிருந்து."

இன்னொரு முறை கேட்க வேண்டும் போல இருந்தது. அதனால் உடனே "சரி" சொல்லவில்லை.